போட்டோஷாப்பில் பிரஷ்களைக் காணவில்லையா? பழையபடி மீட்கும் வழி

மட்டக்களப்பு நகரிலும், தெற்கே கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கமும் உள்ள அச்சகங்களிலும் ஸ்டூடியோக்களிலும் ஒரு கணினியை ஒரே ஆள் பாவிப்பது குறைவு. காலையில் ஒருவர் கலியாண அழைப்பிதழ் செய்வார். மத்தியானம் அவசரமாக ஒரு மரண அறிவித்தல் வந்தால் இன்னொருவர் உட்காருவார். மாலையில் வேலை பழக வரும் பிள்ளைகள் அதே கதிரையில் இருந்து கை பழகுவார்கள். ஒவ்வொருவரும் தங்களுக்குப் பிடித்த பிரஷ்களை இணையத்தில் இறக்கி உள்ளே போடுவார்கள். பிறகு ஒரு நாள் போட்டோஷாப்பைத் திறந்தால், வழக்கமான வட்ட பிரஷ் இருந்த இடத்தில் புகையும் பூவும் இறக்கைகளும் நிரம்பியிருக்கும். தேடியது கிடைக்காது.

மீட்பது ஒரு கிளிக் வேலைதான். ஆனால் பிழையான பொத்தானை அழுத்தினால் உங்கள் பிரஷ் திரும்பி வரும், உங்களோடு வேலை செய்பவர் பல மாதமாகச் சேர்த்து வைத்தவை போய்விடும். அதனால் இந்த வழிகாட்டியில் மீட்கும் படிகளைவிட, மீட்கும் முன் செய்ய வேண்டியவற்றுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். பொறுமையாக வாசியுங்கள்.

இந்த மூல பிரஷ்கள் எதற்கு அவ்வளவு முக்கியம் என்று புதியவர்கள் கேட்பதுண்டு. போட்டோஷாப்போடு கூடவே வருபவற்றில் இரண்டுதான் நம் அன்றாட வேலையின் அடிப்படை: ஓரம் மங்கும் மென்வட்டம், ஓரம் வெட்டினாற்போல் இருக்கும் வன்வட்டம். ஆங்கிலத்தில் இவை சொஃப்ட் ரவுண்ட், ஹார்ட் ரவுண்ட் என்ற பெயரில் இருக்கும். குளோன் ஸ்டாம்ப், இரேசர், டொட்ஜ், பேர்ன் ஆகிய கருவிகளும், படத்தின் ஒரு பகுதியை மறைக்க உதவும் லேயர் மாஸ்க்கில் தீட்டுவதும் இதே பிரஷ் பட்டியலிலிருந்துதான் முனையை எடுக்கின்றன. எனவே பட்டியல் குழம்பினால் வரைவது மட்டுமல்ல, படம் திருத்தும் வேலையும் நின்றுவிடும்.

நம் கரையோரத்தில் படம் திருத்துவது சாதாரண வேலையில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் உப்புநீர் பட்டு நிறம் கழன்ற, ஒட்டிக் கிழிந்த குடும்பப் படங்களை நினைவுநாளுக்குப் பெரிதாக்கித் தரும்படி கொண்டுவருகிறார்கள். சில வீடுகளில் இறந்தவரின் முகம் எஞ்சியிருப்பது அந்த ஒரு பிரதியில் மட்டுமே. அப்படிப்பட்ட படத்தில் கன்னத்துக் கறையை எடுக்க மென்வட்டம் போதும். கண்ணிமையின் ஓரத்தையும் சேலைக் கரையையும் பிடிக்க வன்வட்டம் வேண்டும். அலங்கார பிரஷ் ஆயிரம் இருந்தும் அங்கே உதவாது.

முதலில், உண்மையாகவே காணாமல் போனதா?

"பிரஷ் போயிட்டு" என்று சொல்பவர்களில் பலருக்குப் பிரஷ் எங்கும் போயிருக்காது. மீட்கும் கட்டளையைத் தேடும் முன் பின்வருவனவற்றைப் பாருங்கள்.

திரையில் வட்டத்துக்குப் பதிலாகச் சிறு கூட்டல் குறி மட்டும் தெரிந்தால், கேப்ஸ் லாக் விசை எரிகிறது. போட்டோஷாப்பில் அந்த விசை, முனையின் உருவத்தை மறைத்து நுணுக்கக் குறியைக் காட்டும். பாமினி எழுத்துருவில் பெயர்களை அடித்துவிட்டு அப்படியே பிரஷ்ஷுக்கு வருபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். விசையை அணைத்தால் வட்டம் திரும்பிவிடும்.

குறியே தெரியாவிட்டால், பிரஷ்ஷின் அளவு மிகச் சிறியதாகவோ திரையைவிடப் பெரியதாகவோ இருக்கலாம். சதுர அடைப்புக்குறி விசைகளில் இடது விசை அளவைக் குறைக்கும், வலது விசை கூட்டும். அவை வேலை செய்யவில்லை என்றால் விசைப்பலகை தமிழில் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ் 99 முறையில் அந்த இரு விசைகளும் ச, ஞ எழுத்துகளுக்கு உரியவை. ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு மறுபடி அழுத்துங்கள்.

அளவும் சரி, வட்டமும் தெரிகிறது, ஆனால் தீட்டினால் ஒன்றும் விழவில்லையா? எங்கோ ஓரத்தில் ஒரு செலக்ஷன், அதாவது முன்பு தெரிவு செய்த பகுதி, கிடக்கும். கன்ட்ரோலும் டி விசையும் சேர்த்து அழுத்தினால் அது நீங்கும். லேயர் பூட்டப்பட்டிருக்கிறதா, கண் குறி அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மேலே உள்ள பட்டையில் மோட் என்பது நார்மலிலும், ஒப்பாசிட்டி, ஃப்ளோ இரண்டும் 100 சதவீதத்திலும் இருக்க வேண்டும். ஒப்பாசிட்டியை 3 சதவீதத்தில் விட்டுப் போன ஆளுக்குப் பிறகு உட்காருபவர், பிரஷ் பழுதாகிவிட்டது என்றுதான் நினைப்பார்.

பிரஷ் பட்டியல் இருக்கும் பெட்டியே, அதாவது பெனலே, காணவில்லை என்றால் அது மூடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். விண்டோ மெனுவில் பிரஷஸ் என்பதைத் தெரிவு செய்தால் வந்துவிடும். டேப் விசை தவறுதலாகப் பட்டிருந்தால் எல்லாப் பெனல்களும் மறைந்திருக்கும். மறுபடி டேப் அழுத்துங்கள்.

இத்தனைக்கும் பிறகும் பட்டியலில் வட்ட முனைகள் இல்லை என்றால், சரி, உண்மையாகவே மாற்றப்பட்டிருக்கிறது.

அவசர வேலை கையில் இருந்தால் ஒரு குறுக்குவழி இருக்கிறது. பட்டியலில் ஏதாவது ஒரு வட்ட முனை கிடைத்தாலும் போதும். ஹார்ட்னஸ் என்பதை 0 ஆக்கினால் அது மென்வட்டம், 100 ஆக்கினால் வன்வட்டம். வாடிக்கையாளர் முன்னால் நிற்கும்போது இதைச் செய்து வேலையை முடித்துக் கொடுங்கள். பட்டியலைப் பிறகு ஆறுதலாகச் சரிசெய்யலாம்.

மீட்கும் முன்: இருப்பதைச் சேமியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். இப்போது பட்டியலில் இருப்பது உங்களுக்குக் குப்பையாகத் தெரியலாம். கோயில் திருவிழா நோட்டீஸ் செய்பவருக்கு அதில் உள்ள விளக்கொளி பிரஷ்ஷும், பூப்புனித நீராட்டு விழா அல்பம் செய்பவருக்குப் பூவிதழ் பிரஷ்ஷும் கைக்கருவிகள்.

புதிய பதிப்புகளில், அதாவது 2017 ஒக்டோபரில் வந்த சிசி 2018 முதல், பிரஷஸ் பெனலில் கோப்புறைகள் இருக்கும். முதல் கோப்புறையைக் கிளிக் செய்து, ஷிஃப்டைப் பிடித்தபடி கடைசிக் கோப்புறையைக் கிளிக் செய்தால் எல்லாம் தெரிவாகும். பெனலின் வலது மேல் மூலையில் சிறு கோடுகள் அடுக்கியது போன்ற குறி இருக்கும். அதுதான் பெனல் மெனு. அதைத் திறந்து எக்ஸ்போர்ட் செலக்டட் பிரஷஸ் என்பதை அழுத்தி, ஒரு பெயர் கொடுத்துச் சேமியுங்கள். ஏபிஆர் என்ற வகைக் கோப்பு ஒன்று உருவாகும். சிஎஸ் 6 போன்ற பழைய பதிப்புகளில் இதே மெனுவில் சேவ் பிரஷஸ் என்று இருக்கும். அது முழுப் பட்டியலையும் ஒரே கோப்பாக எழுதிவிடும்.

பெயர் வைக்கும்போது "புதியது", "பிரஷ் 1" என்று வைக்க வேண்டாம். யாருடையது, எந்த மாதம் என்று தெரியும்படி வையுங்கள். இடமும் முக்கியம். டெஸ்க்டொப்பில் போட்டால் விண்டோஸை மறுபடி நிறுவும் நாளில் அதுவும் போய்விடும். டி அல்லது இ ட்ரைவில் ஒரு கோப்புறை திறந்து அங்கே வையுங்கள், ஒரு பிரதி பென் ட்ரைவிலும் இருக்கட்டும்.

இனி மீட்பது

சிசி 2018 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு என்றால்:

1. பி விசையை அழுத்திப் பிரஷ் கருவியை எடுங்கள்.
2. விண்டோ மெனுவில் பிரஷஸ் பெனலைத் திறவுங்கள்.
3. பெனல் மெனுவில் ரிஸ்டோர் டிஃபோல்ட் பிரஷஸ் என்பதை அழுத்துங்கள்.
4. வரும் பெட்டியில் உள்ளதை வாசித்துவிட்டு அப்பென்ட் என்பதை அழுத்துங்கள்.

நான்காவது படியில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தப் பெட்டி, இப்போதுள்ள பிரஷ்களுக்குப் பதிலாக மூல பிரஷ்களை வைக்கவா என்று கேட்கும். ஓகே என்றால் இருப்பதை அகற்றிவிட்டு மூலப் பட்டியலை வைக்கும். அப்பென்ட் என்றால் இருப்பதைத் தொடாமல் மூலப் பட்டியலை அதோடு சேர்க்கும். நம் விரல் பழக்கத்தில் ஓகேக்குத்தான் போகும். பலர் பாவிக்கும் கணினியில் எப்போதும் அப்பென்ட் போடுங்கள் என்பதே என் உறுதியான ஆலோசனை. ஒரே கோப்புறை இரண்டு தடவை வந்தாலும் பரவாயில்லை, வேண்டாததை வலது கிளிக் செய்து நீக்கிவிடலாம். கணினி உங்களுடையது மட்டும், பட்டியலைச் சுத்தமாக வைக்க வேண்டும், ஏபிஆர் கோப்பும் கைவசம் இருக்கிறது என்றால் ஓகே போடுவதில் தவறில்லை.

மீட்டதும் ஜெனரல் பிரஷஸ், ட்ரை மீடியா பிரஷஸ், வெட் மீடியா பிரஷஸ், ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் பிரஷஸ் என்ற நான்கு கோப்புறைகள் தெரியும். மென்வட்டமும் வன்வட்டமும் முதல் கோப்புறையில் இருக்கும். மற்றவற்றில் கைல் என்று தொடங்கும் பெயர்கள் தெரிந்தால் யாரோ வெளியிலிருந்து போட்டது என்று நினைத்து அழித்துவிட வேண்டாம். கைல் வெப்ஸ்டர் என்ற ஓவியர் உருவாக்கிய பிரஷ் தொகுப்பை அடோப் நிறுவனம் 2017இல் வாங்கியது. அவற்றில் சில மூலப் பட்டியலிலேயே சேர்ந்து வருகின்றன.

பலருக்கு இங்கே இன்னொரு குழப்பம் வரும். யூடியூபில் பழைய பாடம் ஒன்றைப் பார்த்துப் புல் பிரஷ்ஷையும் மேப்பிள் இலை பிரஷ்ஷையும் தேடுவார்கள். மூலப் பட்டியலை மீட்ட பிறகும் அவை வராது. சிசி 2018இல் அடோப் பழைய பிரஷ்களை ஒதுக்கி வைத்துவிட்டதுதான் காரணம். அதே பெனல் மெனுவில் லெகசி பிரஷஸ் என்று ஒரு வரி இருக்கிறது. அதை அழுத்தி, கேள்விக்கு ஓகே கொடுத்தால், அந்தப் பெயரிலேயே ஒரு கோப்புறை பட்டியலின் கீழே சேரும். இது எதையும் அகற்றாது, சேர்க்க மட்டும் செய்யும். அதற்குள் டிஃபோல்ட் பிரஷஸ் என்ற உட்கோப்புறையில் புல்லும் இலையும் இருக்கும். வயல்வெளிப் பின்னணி வரைபவர்கள் அந்தப் புல் பிரஷ்ஷை எடுத்துப் பாருங்கள், நிறம் மாறி மாறி விழும்படி அமைத்திருப்பதால் நெற்பயிருக்கு நன்றாகப் பொருந்துகிறது.

பழைய பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு

சிஎஸ் 6 (2012), அதற்கும் முந்திய 7.0 (2002) ஆகியவை இன்னும் பல கடைகளில் ஓடுகின்றன. குறைந்த ராம் உள்ள கணினிக்கு அவை போதும் என்பதால் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். இவற்றில் மேல் பட்டையில் பிரஷ்ஷின் அளவு எண்ணுக்குப் பக்கத்திலுள்ள சிறு அம்பை அழுத்துங்கள். திறக்கும் பெட்டியின் வலது மூலையில், சிஎஸ் 6இல் பற்சக்கரக் குறியும் பழையவற்றில் வட்டத்துக்குள் ஓர் அம்பும் இருக்கும். அதற்குள் ரீசெட் பிரஷஸ். அங்கும் ஓகே, அப்பென்ட் என்ற அதே கேள்விதான். ஓகே போட்டால், மாற்றங்களைச் சேமிக்கவா என்று இன்னொரு கேள்வியும் வரக்கூடும். அதற்கு நோ சொல்லிவிடாதீர்கள்.

அதே மெனுவின் கீழ்ப்பகுதியில் பேசிக் பிரஷஸ், கலிகிராஃபிக் பிரஷஸ், ஸ்கொயர் பிரஷஸ் என்று பல தொகுப்புகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். அவை ஏற்கெனவே உங்கள் கணினியில் உள்ளவை, அழுத்தினால் ஏறிவிடும். சதுர பிரஷ்ஷுக்காக இணையத்தில் அலைய வேண்டியதில்லை.

பட்டியல் சரி, பிரஷ்ஷின் குணம் மாறிவிட்டது

மென்வட்டம் பட்டியலில் இருக்கிறது. ஆனால் கோடு போட்டால் புள்ளி புள்ளியாக விழுகிறது, அல்லது சிதறுகிறது, அல்லது ஏதோ சொரசொரப்போடு வருகிறது. இதற்குப் பட்டியலை எத்தனை தடவை மீட்டாலும் பலன் கிடைக்காது, பழுது வேறு இடத்தில்.

எஃப் 5 விசையை அழுத்தினால் பிரஷ் செட்டிங்ஸ் திறக்கும். ஸ்பேசிங், அதாவது முனையின் பதிவுகளுக்கு இடையிலான இடைவெளி, என்பதைப் பாருங்கள். வட்ட முனைக்கு வழக்கமாக அது 25 சதவீதம். 100ஐத் தாண்டினால் கோடு புள்ளிகளாகப் பிரியும். இடப்பக்கத்தில் ஸ்கட்டரிங், டெக்ஸ்ச்சர், டுவல் பிரஷ் முதலியவற்றுக்கு முன்னால் சரி அடையாளம் இருந்தால் எடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக எடுக்க, இந்தப் பெனலின் மெனுவில் கிளியர் பிரஷ் கன்ட்ரோல்ஸ் என்று இருக்கிறது.

ஒவ்வொரு வரியின் எதிரிலும் ஒரு சின்னப் பூட்டு இருப்பதைக் கவனியுங்கள். அது பூட்டியிருந்தால், நீங்கள் எந்தப் பிரஷ்ஷை எடுத்தாலும் அந்த அமைப்பு அதில் ஏறிக்கொள்ளும். "எந்தப் பிரஷ் எடுத்தாலும் ஒரே சிதறல்" என்ற முறைப்பாட்டின் காரணம் பெரும்பாலும் இந்தப் பூட்டுத்தான். கிளிக் செய்து திறந்துவிட்டு, பட்டியலில் பிரஷ்ஷை மறுபடி தெரிவு செய்யுங்கள்.

கருவியையே தொடக்க நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்றால், மேல் பட்டையின் இடது கோடியிலுள்ள பிரஷ் குறியை வலது கிளிக் செய்யுங்கள். ரீசெட் டூல் அந்த ஒரு கருவியை மட்டும் திருத்தும். ரீசெட் ஓல் டூல்ஸ் எல்லாக் கருவிகளையும் மாற்றும். புதியவர்களுக்கு முதலாவதே போதும். நிறம் குழம்பியிருந்தால் டி விசை கறுப்பு வெள்ளைக்குக் கொண்டுவரும், எக்ஸ் விசை இரண்டையும் இடம் மாற்றும்.

கடைசி வழி

மெனுவே திறக்கவில்லை, பிரஷ்ஷை அழுத்தினால் போட்டோஷாப் மூடிக்கொள்கிறது என்றால் அமைப்புக் கோப்பு பழுதாகியிருக்கலாம். போட்டோஷாப்பைத் திறக்கும் அதே கணத்தில் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் சேர்த்துப் பிடியுங்கள். அமைப்புகளை அழிக்கவா என்று கேட்டால் யெஸ் கொடுங்கள். மெக் கணினியில் கமாண்ட், ஒப்ஷன், ஷிஃப்ட். இது பிரஷ்ஷோடு நிற்காது, பெனல்களின் இடம், நிற அமைப்பு எல்லாம் தொடக்க நிலைக்குப் போகும். ஆகவே கணினியைப் பாவிக்கும் மற்றவர்களிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள்.

அதற்கு முன், பிரஷ் பட்டியல் எழுதப்பட்டிருக்கும் கோப்பைப் பிரதி எடுத்து வைப்பது நல்லது. விண்டோஸ் விசையும் ஆர் விசையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் ஆப்டேட்டா என்ற சொல்லை ஆங்கில எழுத்தில், இருபுறமும் சதவீதக் குறியோடு (%appdata%) அடித்து என்டர் கொடுங்கள். அடோப், பிறகு உங்கள் போட்டோஷாப் பதிப்பு, பிறகு செட்டிங்ஸ் என்று முடியும் கோப்புறை. உள்ளே பிரஷஸ் என்ற பெயரில் பிஎஸ்பி வகைக் கோப்பு இருக்கும்.

இந்தக் கோப்பைப் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். போட்டோஷாப் இதை எழுதுவது ஒழுங்காக மூடும்போதுதான். காலையில் புதிதாக ஏற்றிய பிரஷ்கள், மத்தியானம் கரண்ட் போய்க் கணினி அணைந்தால் மறுநாள் இருக்காமல் போவது இதனால்தான். யூபிஎஸ் இல்லாத கணினி என்றால், முக்கியமான பிரஷ்களை ஏற்றியதும் போட்டோஷாப்பை ஒருமுறை மூடித் திறந்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கிம்ப், கிரிட்டா பாவிப்பவர்கள்

பணம் கட்டி மென்பொருள் வாங்க முடியாத மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது கிம்ப். இலவசம். பிரஷ் விடயத்தில் போட்டோஷாப்பைவிடப் பாதுகாப்பானதும்கூட. கூடவே வரும் பிரஷ்கள் நிரலின் சொந்தக் கோப்புறையில் இருப்பதால், பெட்டியிலுள்ள அழிக்கும் பொத்தானால் அவற்றை அழிக்க முடியாது. நீங்கள் சேர்ப்பவை வேறு கோப்புறையில் இருக்கும். எனவே கிம்பில் பிரஷ்கள் காணாமல் போனால் அநேகமாக மறைந்துதான் இருக்கின்றன. ஷிஃப்ட், கன்ட்ரோல், பி மூன்றையும் அழுத்திப் பிரஷ் பெட்டியைத் திறவுங்கள். மேலே ஒரு வடிகட்டும் கட்டம் இருக்கும், அதில் யாராவது ஒரு சொல்லை அடித்து விட்டிருந்தால் அதற்குப் பொருந்துபவை மட்டுமே தெரியும். சொல்லை அழியுங்கள். பிறகு கீழே உள்ள புதுப்பிக்கும் பொத்தானை அழுத்துங்கள். அதற்கும் வராவிட்டால் எடிட், பிரிஃபரன்சஸ், ஃபோல்டர்ஸ், பிரஷஸ் என்று போய், நிரலின் கோப்புறை அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். கருவியின் குணம் மாறியிருந்தால், டூல் ஒப்ஷன்ஸ் பெட்டியின் அடியில் வலது கோடியிலுள்ள மீளமைக்கும் பொத்தான் போதும். போட்டோஷாப்பின் ஏபிஆர் கோப்புகளையும் கிம்ப் வாசிக்கும். உங்கள் பிரஷ் கோப்புறையில் போட்டுப் புதுப்பித்தால் முனைகள் வரும், சிதறல் போன்ற அமைப்புகள் எல்லாம் அப்படியே வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கட்புலக்கலை படிப்பவர்களைப் போல, வரைவதே நோக்கம் என்றால் கிரிட்டா பொருத்தம். அதுவும் இலவசம். கிரிட்டா 5 முதல், ஒரு பிரஷ்ஷை அழித்தாலும் அது செயலற்றதாகக் குறிக்கப்படுகிறதே தவிர உண்மையில் அழிவதில்லை. செட்டிங்ஸ் மெனுவில் மனேஜ் ரிசோர்சஸ் திறந்து, ஷோ டிலீட்டட் ரிசோர்சஸ் என்பதை இயக்கினால் அழித்தவை தெரியும். தெரிவு செய்து மீட்டுக்கொள்ளலாம். மூலப் பிரஷ்கள் முழுவதுமே காணவில்லை என்றால் அதே மெனுவில் மனேஜ் ரிசோர்ஸ் லைப்ரரிஸ் போய், கிரிட்டாவின் மூலத் தொகுப்பு செயலற்று இருக்கிறதா என்று பார்த்து இயக்குங்கள். ஒரு பிரஷ்ஷின் அளவையும் அமைப்பையும் மாற்றி மாற்றிக் குழப்பியிருந்தால், மேல் பட்டையில் ரீலோட் ஒரிஜினல் பிரீசெட் என்ற வளைந்த அம்புக் குறி அதைப் பழையபடி ஆக்கும். பிரஷ் பெட்டியில் சிலவே தெரிகின்றன என்றால் மேலே டேக் என்பதை ஓல் என்று மாற்றிப் பாருங்கள்.